பைத்தானில் அட்டவணைக் கோப்புகள்: சிஎஸ்வி முதல் பார்க்கே வரை, எதுவும் தொலையாமல் வாசிக்கவும் எழுதவும்

பைத்தானில் ஓர் அட்டவணையைத் திறக்க ஒரே வரி போதும் என்று எல்லாப் பாடங்களும் சொல்லும். உண்மைதான். ஆனால் அந்த வரி பிழையே காட்டாமல் ஓடி முடிந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. சென்னைத் தொலைபேசி எண்ணின் முன்னால் இருந்த 044-இல் பூஜ்யம் போயிருக்கும். மார்ச் 5 மே 3 ஆகியிருக்கும். கதவு எண் 5/2 பிப்ரவரி 5 ஆகியிருக்கும். தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கும். நிரல் இதில் எதையும் சொல்லாது. பட்டியலை அச்சிட்டு விநியோகித்த பிறகு யாராவது கேட்டால்தான் தெரியவரும்.

பைத்தானின் அடிப்படை தெரிந்து, அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தை இப்போதுதான் தொடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊராட்சியின் குடிநீர்க் கட்டணப் பட்டியலை வைத்துக்கொள்வோம்: கதவு எண், பெயர், தொலைபேசி, செலுத்திய தேதி, தொகை என்று ஐந்து நெடுவரிசைகள். கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், கீழ்க்கோட்டை அதே இடத்தில் வைத்துத் தட்டுங்கள். ட்ரூ, ஃபால்ஸ், நன் ஆகிய மூன்றுக்கும் முதல் எழுத்து பெரியது. பெரிய எழுத்து வேண்டிய மற்ற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## 1. கோப்பைக் கொடுத்தவரிடம் முதலில் கேட்டு வாங்க வேண்டியவை

நிரல் எழுதுவதற்கு முன் ஐந்து தகவல்கள் கையில் இருக்கட்டும். மொத்தம் எத்தனை வரிகள்? தொகை நெடுவரிசையின் கூட்டுத்தொகை எவ்வளவு? தேதி நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையிலா, மாதம் முதலிலா? "1, 2, 9" என்று குறியீடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்? கடைசியாக, மற்ற நான்கையும்விட முக்கியமானது: மென்பொருளிலிருந்து நேரடியாக இறக்கிய கோப்பா, நடுவில் யாராவது எக்செலில் திறந்து சேமித்தார்களா?

நடுவில் எக்செல் புகுந்திருந்தால், கதவு எண்களும் நீளமான எண்களும் ஏற்கெனவே கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பைத்தானால் மீட்க முடியாது. மூல மென்பொருளிலிருந்து மறுபடி இறக்கித் தரச் சொல்லுங்கள். கேட்கத் தயங்கி அரைகுறைக் கோப்போடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு எவ்வளவோ மலிவு.

வந்த கோப்பை "மூலம்" என்று ஒரு கோப்புறையில் போட்டு, படிக்க மட்டும் அனுமதியோடு பூட்டிவிடுங்கள். அந்தக் கோப்பின் மேல் எப்போதும் எழுதக் கூடாது.

## 2. நிறுவுதல்

காசு எதுவும் ஆகாது. பைத்தான், பாண்டாஸ், இங்கே வரும் துணை நூலகங்கள் எல்லாமே இலவசம். எக்செல் கோப்பை வாசிக்கவும் எழுதவும் எக்செல் உரிமம்கூடத் தேவையில்லை.

முதலில் வேலைக்கென்று ஒரு மெய்நிகர் சூழலை "வென்வ்" கொண்டு உருவாக்கி, அதை இயக்கிய பிறகு "பிப்" மூலம் நிறுவுங்கள். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், சூழல் இல்லாமல் நேரடியாக நிறுவப் போனால் இயங்குதளமே மறுத்துவிடும். அதை மீறச் சொல்லும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கும். பயன்படுத்தாதீர்கள், இயங்குதளம் தன் வேலைக்கு வைத்திருக்கும் பைத்தான் குழம்பிப்போகும்.

நிறுவ வேண்டியவை நான்கு: பாண்டாஸ், ஓப்பன்பைஎக்ஸ்எல் (எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளுக்கு), பைஆரோ (நெடுவரிசைகளை வகையோடு சேமிக்கும் பார்க்கே வடிவத்துக்கு), எல்எக்ஸ்எம்எல் (இணையப்பக்க அட்டவணைகளுக்கு). பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வந்தால் மட்டும் எக்ஸ்எல்ஆர்டி. இந்த எக்ஸ்எல்ஆர்டி தன் 2.0 பதிப்பிலிருந்து எக்ஸ்எல்எஸ்எக்ஸை வாசிப்பதில்லை. பழைய பாடங்களைப் பார்த்து அதை மட்டும் நிறுவிக்கொண்டு பலர் திணறுகிறார்கள். ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் பைத்தானோடே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம்.

புதியவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று. உங்கள் நிரல் கோப்புக்கு "பாண்டாஸ்" என்றோ "சிஎஸ்வி" என்றோ பெயர் வைக்காதீர்கள். பைத்தான் நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இறக்குமதி செய்து, புரியாத பிழை ஒன்றைக் காட்டும்.

## 3. கோப்பின் நீட்டிப்பை நம்பாதீர்கள்

பல இணையதளங்களில் "எக்செலாக இறக்கு" என்று அழுத்தினால், எக்ஸ்எல்எஸ் என்ற நீட்டிப்போடு வருவது உண்மையில் ஒரு எச்டிஎம்எல் பக்கமாக இருக்கும். எக்செல் ஒரு எச்சரிக்கையோடு அதைத் திறந்துவிடும். பாண்டாஸோ கோப்பின் வடிவத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று நின்றுவிடும்.

கோப்பை நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். ஆங்கில "பிகே" என்று தொடங்கினால் அது ஜிப். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதும் ஒரு ஜிப் பொதிதான். "பிஏஆர்1" என்று தொடங்கினால் பார்க்கே. "எஸ்க்யூலைட் ஃபார்மட் 3" என்ற சொற்களே இருந்தால் எஸ்க்யூலைட். கோண அடைப்புக்குறியோடு "டேபிள்" என்றோ "எச்டிஎம்எல்" என்றோ இருந்தால் "ரீட்_எச்டிஎம்எல்" போதும். ஆனால் அது ஓர் அட்டவணையைத் தராது, பக்கத்திலுள்ள எல்லா அட்டவணைகளையும் ஒரு பட்டியலாகத் தரும். வேண்டியதை எண்ணால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண உரையாகத் தெரிந்தால், நெடுவரிசைகளைப் பிரிப்பது காமாவா, அரைப்புள்ளியா, டேப்பா என்று கண்ணால் பார்த்து "செப்" அளவுருவில் கொடுங்கள்.

## 4. சிஎஸ்வி: முதல் வாசிப்பில் எல்லாமே எழுத்தாக

சிஎஸ்வி என்பது நெடுவரிசைகளைக் காமா போன்ற குறியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு. அதில் வகை பற்றிய தகவல் கிடையாது. எது எண், எது எழுத்து என்று பாண்டாஸ் ஊகிக்கிறது. 044 என்பதைப் பார்த்தால் எண் என்று முடிவுகட்டி 44 ஆக்கிவிடும். கொழும்பு 1-இன் அஞ்சல் குறியீடு 00100, வெறும் 100 ஆகிவிடும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலக் குறியீடுகள் 01, 02 என்று தொடங்கும். தமிழ்நாட்டின் 33 தப்பிக்கும், 01 தப்பாது.

இன்னொன்று, காலி மதிப்புகள். "என்ஏ", "நல்", "நன்", "என்/ஏ" போன்ற ஆங்கிலச் சொற்கள் ஒரு கட்டத்தில் தனியாக இருந்தால், பாண்டாஸ் அதைக் காலியிடம் என்று எடுத்துக்கொள்ளும். நமீபியா நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு அந்த "என்ஏ"தான். நாடுகளின் பட்டியலை வாசித்தால் அந்த நாடு காணாமல் போகும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, முதல் வாசிப்பில் ஊகிக்கவே விடாமல் இருப்பது (பிடி என்பது பாண்டாஸை இறக்குமதி செய்யும்போது அதற்கு வைக்கும் சுருக்கப் பெயர்):

பிடி.ரீட்_சிஎஸ்வி("கட்டணம்.சிஎஸ்வி", டிடைப்=எஸ்டிஆர், கீப்_டிஃபால்ட்_என்ஏ=ஃபால்ஸ், என்ஏ_வேல்யூஸ்=[""], என்கோடிங்="யுடிஎஃப்-8")

இப்போது எல்லா நெடுவரிசையும் எழுத்து. உண்மையில் வெறுமையாக இருக்கும் கட்டம் மட்டுமே காலி. இதன் பிறகு எந்த நெடுவரிசை எண், எது தேதி என்று நீங்களே ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கூடுதலாக நான்கைந்து வரிகள் தட்ட வேண்டிவரும். ஆனாலும் புதியவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பேன்.

எந்தக் கணக்கும் போடாத எண், எண்ணே அல்ல. தொலைபேசி, அஞ்சல் குறியீடு, வங்கிக் கணக்கு, கதவு எண், சர்வே எண் எல்லாவற்றையும் கடைசிவரை எழுத்தாகவே விட்டுவிடுங்கள்.

வாசிக்கும்போது "12-ஆம் வரியில் 5 புலங்களை எதிர்பார்த்தேன், 6 இருக்கிறது" என்ற பொருளில் பிழை வரலாம். யாரோ முகவரிக்குள் மேற்கோள்குறி இல்லாமல் காமா போட்டிருப்பார்கள். "ஆன்_பேட்_லைன்ஸ்" அளவுருவுக்கு "ஸ்கிப்" கொடுத்தால் பிழை போய்விடும், அந்த வரிகளும் சேர்ந்தே போய்விடும். அதற்குப் பதில் "வார்ன்" கொடுத்து, எந்தெந்த வரிகள் என்று தெரிந்துகொண்டு, கோப்பின் நகல் ஒன்றில் மேற்கோள்குறி சேர்த்துத் திருத்துங்கள். பிறகு பழைய அமைப்பிலேயே மறுபடி வாசியுங்கள்.

எழுதும்போது "டு_சிஎஸ்வி"யில் "இண்டெக்ஸ்=ஃபால்ஸ்" போட மறக்காதீர்கள். மறந்தால் வரிசை எண்கள் தலைப்பில்லாத நெடுவரிசையாகச் சேரும். அடுத்த முறை வாசிக்கும்போது "அன்நேம்டு: 0" என்ற பெயரில் அது முளைக்கும், மறுபடி அப்படியே எழுதினால் இன்னொன்றும் சேரும்.

## 5. தொகையும் தேதியும்

"1,25,000" என்பதை எண்ணாக்க முதலில் காமாவை நீக்க வேண்டும். "எஸ்டிஆர்.ரீப்ளேஸ்" கொண்டு காமா, ரூபாய்க் குறி, இடைவெளி மூன்றையும் எடுத்துவிட்டு "டு_நியூமெரிக்" கொடுங்கள். கணக்கர்கள் எழுதும் பட்டியல்களில் கழித்தல் தொகை அடைப்புக்குறிக்குள் இருக்கும். "(5,000)" என்றால் மைனஸ் 5,000. அடைப்புக்குறியை வெறுமனே நீக்கினால் கடன் வரவாகிவிடும்.

"டு_நியூமெரிக்"கில் "எரர்ஸ்=கோயர்ஸ்" என்று கொடுத்தால், மாற்ற முடியாதவை சத்தமில்லாமல் காலியாகும். கொடுக்கலாம், ஆனால் மாற்றத்துக்கு முன் எத்தனை காலி, பின் எத்தனை காலி என்று "ஈஸ்னா().சம்()" மூலம் எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் அந்த வரிகளை மட்டும் வடிகட்டி நேரில் பாருங்கள். பெரும்பாலும் "இல்லை", "நிலுவை", அல்லது ஒன்றுக்குப் பதில் ஆங்கிலச் சிறிய "எல்" என்று ஏதாவது இருக்கும்.

ஒரு காலிக் கட்டம் இருந்தாலே முழு எண் நெடுவரிசை தசம எண்ணாக மாறி 250 என்பது 250.0 ஆகும். முழு எண்ணாகவே வேண்டும் என்றால் "அஸ்டைப்" கொண்டு "இன்ட்64" வகைக்கு மாற்றுங்கள். முதல் எழுத்து பெரிய "ஐ"யாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் அது வேறு வகை, காலியை ஏற்காது.

தேதியைப் பாண்டாஸின் ஊகத்துக்கு விடவே கூடாது. 05/03/2024 என்பதை அது அமெரிக்க முறையில் மே 3 என்று வாசிக்கும். பாண்டாஸ் 2.0 முதல், முதல் மதிப்பை வைத்து வடிவத்தை ஊகித்து மற்ற எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துகிறது. ஆகவே கீழே எங்காவது 13/03/2024 வந்தால் பிழை காட்டி நிற்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். பட்டியலில் எல்லாத் தேதியும் மாதத்தின் முதல் 12 நாள்களுக்குள் இருந்தால் பிழையே வராது. அத்தனையும் தவறாக இருக்கும். கட்டணம் கட்டும் கெடு 10-ஆம் தேதி என்றால் பட்டியல் முழுக்க அப்படித்தான் இருக்கும்.

ஆகவே "டு_டேட்டைம்"இல் "ஃபார்மட்" அளவுருவை நேரடியாக எழுதுங்கள்: சதவீதக் குறியோடு சிறிய டி, சாய்கோடு, சதவீதக் குறியோடு சிறிய எம், சாய்கோடு, சதவீதக் குறியோடு பெரிய ஒய். பெரிய ஒய் நான்கு இலக்க ஆண்டு, சிறிய ஒய் இரண்டு இலக்க ஆண்டு. "டேஃபர்ஸ்ட்=ட்ரூ" போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கண்டிப்பான கட்டளை அல்ல, வெறும் பரிந்துரை. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

## 6. தமிழ் எழுத்துகள்

தமிழ் யுனிகோட் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் (எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறை) மூன்று பைட் எடுக்கும். அந்த மூன்று பைட்டையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக ஒரு மென்பொருள் வாசித்தால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில "ஏ"யும் வட்டத்துக்குள் "ஆர்" போட்ட குறியும் திரும்பத் திரும்ப வரும். இதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். தரவு கெடவில்லை, தவறான கண்ணாடி போட்டுப் படிக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள்.

பாண்டாஸ் எழுதிய சிஎஸ்வியை எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் இப்படித் தெரியும். காரணம், கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 என்று சொல்லும் அடையாளம் இல்லை. எழுதும்போது "என்கோடிங்"குக்கு "யுடிஎஃப்-8-சிக்" கொடுத்தால் அந்த மூன்று பைட் அடையாளம் சேர்ந்து, எக்செல் சரியாகத் திறக்கும். அதே கோப்பைப் பைத்தானின் உள்ளமைந்த சிஎஸ்வி தொகுதியில் வாசிக்கிறவர்களும் "யுடிஎஃப்-8-சிக்" என்றே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அந்த அடையாளம் முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், பெயரைச் சரியாகத் தட்டினாலும் "அப்படி ஒரு நெடுவரிசை இல்லை" என்று வரும்.

கேள்விக்குறிகள் வேறு கதை. எக்செலில் தமிழ்ப் பட்டியலைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால், பழைய ஐரோப்பியக் குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாற்றி எழுதப்படும். அது மீளாது. சேமிக்கும் வகைகளில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று தனியாக ஒன்று இருக்கிறது. உங்களுக்குக் கோப்பு அனுப்புகிறவர்களிடம் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

குறியாக்கப் பிழை வந்தால் "லத்தீன்-1" என்று மாற்றிப் போடச் சொல்லும் பதில்கள் ஏராளம். லத்தீன்-1 எந்த பைட்டையும் மறுக்காது, அதனால்தான் பிழை மறைகிறது. தமிழ்க் கோப்புக்கு அது ஒருநாளும் தீர்வல்ல.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் இன்னும் வருகின்றன. கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள். குறியாக்கத்தை எப்படி மாற்றினாலும் தமிழாகாது, எழுத்துருமாற்றி வேண்டும். இதில் சிஎஸ்விக்கென்று ஒரு தனிப்பொறி உண்டு: பாமினியில் காமாதான் "இ", அரைப்புள்ளிதான் புள்ளி. மேற்கோள்குறி இல்லாத பாமினி சிஎஸ்வியில் "இலக்குமி" என்ற பெயர் இரண்டு நெடுவரிசையாக உடையும். அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தாலோ ஒவ்வொரு மெய்யெழுத்திலும் உடையும். பிரிப்பானை டேப்பாக வைத்து வாங்குங்கள், வாசித்த பிறகு நெடுவரிசை நெடுவரிசையாக மாற்றுங்கள். ஓப்பன்-தமிழ் நூலகத்தில் பாமினி, டிஸ்கி போன்ற பழைய தமிழ் முறைகளுக்கு மாற்றிகள் இருக்கின்றன.

இரண்டு பட்டியல்களைப் பெயரை வைத்து இணைக்கும்போது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர்கள் பொருந்தாமல் போகும். "கோவிந்தன்" என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. வாசித்தவுடன் எல்லாத் தமிழ் நெடுவரிசைக்கும் "எஸ்டிஆர்.நார்மலைஸ்" கொடுத்து, உள்ளே "என்எஃப்சி" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஔகாரத்துக்கு மட்டும் இது முழுதாகப் பலிக்காது. "கௌரி"யைப் பலர் ஒற்றைக்கொம்பு, க, ள என்று "கெளரி"யாகத் தட்டுகிறார்கள். அந்த ள உண்மையான ளகரம், எந்த நார்மலைசும் அதைத் தொடாது. "ெள" வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் வெள்ளைச்சாமியும் தெளிவும் உடைந்துபோகும். தெரிந்த பெயர்களுக்கு மட்டும் ஒரு சிறு திருத்தப் பட்டியல் வைத்து மாற்றுவதே சரி.

பெயர்களின் ஓரத்திலுள்ள வெற்றிடங்களை "எஸ்டிஆர்.ஸ்ட்ரிப்" நீக்கும். ஆனால் இணையத்திலிருந்து ஒட்டிய தமிழில் ஒளிந்திருக்கும் அகலமில்லாக் குறிகளை அது நீக்காது. 200பி, 200சி என்ற பதினாறடிமான எண்களுள்ள அந்த இரண்டு யுனிகோட் குறிகளையும் "ரீப்ளேஸ்" மூலம் தனியாக எடுங்கள்.

## 7. எக்செல்

"ரீட்_எக்செல்" சொல்லாவிட்டால் முதல் தாளை மட்டுமே வாசிக்கும். "ஷீட்_நேம்=நன்" கொடுத்தால் எல்லாத் தாள்களும் தாள் பெயரோடு ஓர் அகராதியாக வரும். இங்கேயும் "டிடைப்=எஸ்டிஆர்" பொருந்தும். ஆனால் எக்செல் ஏற்கெனவே எண்ணாக மாற்றிவைத்ததை அது எழுத்தாகத்தான் ஆக்கும், இழந்த பூஜ்யத்தைத் திருப்பித் தராது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. 16 இலக்க எண்ணை எண்ணாகத் தட்டியிருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகியிருக்கும்.

தேதி நெடுவரிசையில் 45000 போன்ற எண் வந்தால் அது எக்செலின் நாள் எண்ணிக்கை. "டு_டேட்டைம்"இல் "யூனிட்" அளவுருவுக்கு "டி" (பெரிய எழுத்து), "ஆரிஜின்" அளவுருவுக்கு 1899-12-30 என்று கொடுங்கள். எழுத்தாக வாசித்திருந்தால் அதற்கு முன் எண்ணாக்க வேண்டும். 45000 என்பது 2023 மார்ச் 15.

இணைத்த கட்டங்களில் மேல் இடது கட்டத்தில் மட்டுமே மதிப்பு இருக்கும், மற்றவை காலியாக வரும். அந்த நெடுவரிசைக்கு மட்டும் "எஃப்ஃபில்" கொடுத்து நிரப்புங்கள். அட்டவணை முழுவதற்கும் கொடுத்தால் உண்மையான காலியிடங்களிலும் முந்தைய வீட்டின் தொகை ஏறிவிடும்.

மொத்த வரிகளைக் கவனியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளில் மொத்தம், ஊரகம், நகரம் என்று மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். வடிகட்டாமல் கூட்டினால் தமிழ்நாட்டின் 7,21,47,030 பேர் 14,42,94,060 ஆகிவிடுவார்கள். மேலே உள்ள தலைப்பு வரிகளை "ஸ்கிப்ரோஸ்" கொண்டும், கீழே உள்ள அடிக்குறிப்புகளை "ஸ்கிப்ஃபுட்டர்" கொண்டும் தள்ளுங்கள்.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ் தாளில் 10,48,576 வரிகள், 16,384 நெடுவரிசைகள் வரை கொள்ளும். பழைய எக்ஸ்எல்எஸ்ஸில் 65,536 வரிகள்தான். 2020-இல் இங்கிலாந்தில் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அமைப்பு சோதனை முடிவுகளைப் பழைய வடிவத்தில் சேர்த்தபோது, வரம்பைத் தாண்டிய வரிகள் விடுபட்டு 15,841 கோவிட் தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. வரி எண்ணிக்கை சரியாக 65,536-ஐயோ 10,48,576-ஐயோ ஒட்டி நின்றால் கோப்பு துண்டிக்கப்பட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது மூன்று எச்சரிக்கைகள். ஏற்கெனவே உள்ள கோப்பின் பெயரை "டு_எக்செல்"லுக்குக் கொடுத்தால், ஒரு தாள் சேராது. முழுக் கோப்பும் புதிதாக எழுதப்பட்டு மற்றத் தாள்கள் அழியும். பல தாள்களுக்கு "எக்செல்ரைட்டர்" என்பதை (ஈயும் டபிள்யூவும் பெரிய எழுத்து) "வித்" கூற்றுக்குள் திறந்து ஒவ்வொன்றாக எழுதுங்கள். இரண்டாவது, விண்டோஸில் அந்தக் கோப்பு எக்செலில் திறந்திருந்தால் அனுமதிப் பிழை வரும், மூடிவிட்டு ஓட்டுங்கள். மூன்றாவது, சமக்குறியோடு தொடங்கும் எழுத்து சூத்திரமாக மாறிவிடும்.

பெறுகிறவர் எக்செல் மட்டுமே அறிந்தவர் என்றால் அவருக்குச் சிஎஸ்வி அனுப்பாதீர்கள், எக்ஸ்எல்எஸ்எக்ஸே அனுப்புங்கள். அதில் எழுத்தாக எழுதிய 044-உம் 5/2-உம் எழுத்தாகவே இருக்கும். சிஎஸ்வியாக அனுப்பினால் அவர் திறந்த நொடியிலேயே மாறிவிடும்.

## 8. ஜேசான்

ஜேசான் என்பது தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம். "ரீட்_ஜேசான்" மேற்கோளுக்குள் இருக்கும் "00100"-ஐயும் எண்ணாக்கப் பார்க்கும். "டிடைப்=ஃபால்ஸ்" போட்டுத் தடுங்கள். வரிக்கு ஒரு பதிவாக இருக்கும் கோப்புக்கு "லைன்ஸ்=ட்ரூ" வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்த ஜேசானை "ஜேசான்_நார்மலைஸ்" தட்டையாக்கும். எழுதும்போது "ஃபோர்ஸ்_ஆஸ்கி=ஃபால்ஸ்" கொடுத்தால்தான் தமிழ் தமிழாகத் தெரியும்; இல்லாவிட்டால் பின்சாய்கோடும் எண்களுமாக இருக்கும். தரவு சரிதான் என்றாலும் மனிதரால் படிக்க முடியாது.

## 9. பார்க்கேயும் எஸ்க்யூலைட்டும்

வகைகளை எல்லாம் கஷ்டப்பட்டுச் சரிசெய்த பிறகு, அந்த உழைப்பைச் சிஎஸ்வியில் மறுபடி இழக்காதீர்கள். உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு "டு_பார்க்கே" கொடுத்துச் சேமியுங்கள். எண் எண்ணாகவும், தேதி தேதியாகவும், எழுத்து எழுத்தாகவும் திரும்பி வரும். நெடுவரிசை வாரியாகச் சுருக்கிச் சேமிப்பதால் கோப்பு பெரும்பாலும் சிஎஸ்வியைவிடச் சிறியது. "காலம்ஸ்" அளவுருவில் வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் குறிப்பிட்டால் மற்றவற்றை வட்டிலிருந்து எடுக்கவே எடுக்காது.

ஒரே நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் பார்க்கே எழுத மறுக்கும். மறுப்பது நல்லதே, அந்த நெடுவரிசை இன்னும் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். "முடிவில் அடையாளக் குறி இல்லை" என்ற பொருளில் வாசிப்புப் பிழை வந்தால் கோப்பு பாதியில் நின்ற பதிவிறக்கம், மறுபடி இறக்குங்கள்.

நாள்தோறும் புதிய வரிகள் சேரும் பட்டியல் என்றால் பார்க்கே வசதிப்படாது, எஸ்க்யூலைட்டுக்குப் போங்கள். "டு_எஸ்க்யூஎல்"லில் "இஃப்_எக்ஸிஸ்ட்ஸ்" அளவுருவுக்கு "அப்பெண்ட்" கொடுத்தால் வரிகள் சேரும். அதே நிரலைத் தெரியாமல் இரண்டு முறை ஓட்டினால் வரிகளும் இரட்டிக்கும். ரசீது எண் போன்ற ஒன்றைத் தனித்துவமாக அறிவித்து, அட்டவணையை முதலிலேயே உருவாக்கிவிடுங்கள். மறுமுறை ஓட்டினால் பிழை காட்டித் தடுக்கும். "ரீப்ளேஸ்" அந்த அட்டவணையையே அழித்துப் புதிதாக உருவாக்கும், நீங்கள் வைத்த தனித்துவக் கட்டுப்பாடும் அதோடு போகும். எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனி வகை இல்லாததால், வாசிக்கும்போது "பார்ஸ்_டேட்ஸ்" கொடுக்க வேண்டும்.

பிக்கிள் என்ற வடிவமும் பாண்டாஸில் உண்டு. பிறர் அனுப்பிய பிக்கிள் கோப்பைத் திறக்கவே வேண்டாம். அதைத் திறப்பது, உள்ளே இருக்கும் நிரலை உங்கள் கணினியில் ஓட்ட அனுமதிப்பதற்குச் சமம்.

## 10. பெரிய கோப்புகள்

முதலில் "என்ரோஸ்=1000" கொடுத்து ஆயிரம் வரிகளை மட்டும் வாசித்து நிரலைச் சரிபாருங்கள். நினைவகக் கணக்கு எளிது: ஒரு எண் நெடுவரிசைக்கு வரிக்கு 8 பைட். பத்து லட்சம் வரிகள் என்றால் நெடுவரிசைக்கு சுமார் 8 மெகாபைட். எழுத்து நெடுவரிசைகள் இதைப் போலப் பல மடங்கு பிடிக்கும். எவ்வளவு என்பதை "மெமரி_யூசேஜ்" கட்டளைக்கு "டீப்=ட்ரூ" கொடுத்துப் பாருங்கள். வார்டு, தெரு போன்று திரும்பத் திரும்ப வரும் பெயர்களைக் "கேட்டகரி" வகைக்கு மாற்றினால் பெருமளவு குறையும்.

நினைவகத்தில் அடங்காத சிஎஸ்விக்கு "சங்க்சைஸ்" கொடுத்துத் துண்டு துண்டாக வாசியுங்கள். வகைகளை ஊகிக்க விட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஊகிக்கும். முதல் துண்டில் எண்ணாக இருந்த நெடுவரிசை மூன்றாவதில் எழுத்தாகும். எல்லாம் எழுத்தாக வாசிப்பதன் பயன் இங்கே இன்னும் கூடுகிறது.

எக்செல் வாசிப்பு மிக மெதுவானது. ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லைக் கட்டம் கட்டமாகப் படிக்க வேண்டியிருப்பதே காரணம். ஒரே எக்செல் கோப்பை நிரலின் ஒவ்வொரு ஓட்டத்திலும் வாசிக்காதீர்கள். ஒருமுறை வாசித்துப் பார்க்கேயாக வைத்துக்கொண்டு, அதன் பிறகு அதையே பயன்படுத்துங்கள்.

## 11. எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடுங்கள்

எழுதி முடித்தவுடன் அதே கோப்பைத் திரும்ப வாசித்து, வரி எண்ணிக்கை, தொகையின் கூட்டுத்தொகை, ஒவ்வொரு நெடுவரிசையின் காலி எண்ணிக்கை மூன்றையும் நினைவகத்தில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பார்க்கே என்றால் பாண்டாஸின் "டெஸ்டிங்" தொகுதியிலுள்ள "அசர்ட்_ஃப்ரேம்_ஈக்வல்" ஒரே வரியில் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுவிடும். சிஎஸ்வியில் வகைகள் தங்காது; ஆகவே திரும்ப வாசித்ததை, படி 4, 5-இல் செய்த அதே மாற்றங்களுக்கு உட்படுத்திய பிறகே ஒப்பிட வேண்டும். அந்த மாற்றங்களை முதலிலேயே ஒரு சார்பாக (ஃபங்ஷன்) எழுதி வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் அதையே அழைக்கலாம்.

இறுதிக் கோப்பை நேரடியாக அதன் பெயரில் எழுதாமல், முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். ஒப்பீடு தேறிய பிறகு "ஓஎஸ்.ரீப்ளேஸ்" கொண்டு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டு பெயரும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனாலும், ஒப்பீடு தோற்றாலும், நேற்றைய நல்ல கோப்பு அப்படியே இருக்கும்.